கருந்துளையின் நடுவே: எல்லையின்மையை அகற்ற முயன்றவர்கள் குறித்து

தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் கருந்துளை படும் பாட்டைப் பற்றி யாராவது தனிக் கட்டுரையே எழுதலாம். அர்த்தம் தொலைந்துபோகிற இடமெல்லாம் கருந்துளை. அதிகாரத்துக்கும் அதுதான், ஆழ்மனத்துக்கும் அதுதான், சூன்யத்துக்கும் அதுதான். உவமை சொல்வதில் தவறில்லை. ஆனால் இந்த உவமைகள் எல்லாமே ஒரு விஷயத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டு நகர்கின்றன: கருந்துளையின் நடுவே எல்லையின்மை இருக்கிறது, அது மொழியால் தொட முடியாத ஓர் ஆழம் என்பதாக. இந்த வாசிப்பைத்தான் நான் மறுக்கிறேன். கணக்கில் விடை 'எல்லையற்றது' என்று வந்தால் இயற்பியல்காரர் கைகூப்புவதில்லை. எங்கேயோ கணக்கு உடைந்திருக்கிறது என்று தேட ஆரம்பிக்கிறார். அப்படித் தேடியவர்களைப் பற்றியும், அந்தத் தேடலில் பெங்களூரில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றியும் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் கருந்துளை. குயிலாப்பாளையத்தில் இருப்பவனுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் எங்கள் செம்மண் மேட்டிலிருந்து கடலைப் பார்த்து ஓடும் தண்ணீர் அறுத்துவிட்ட பள்ளங்கள் சுற்றிலும் கிடக்கின்றன. மேட்டில் மெதுவாக நகரும் நீர் பள்ளத்தை நெருங்க நெருங்க வேகமெடுக்கும். அதில் ஒரு தவளை எதிர்நீச்சல் போடுகிறது என்று வையுங்கள். தவளையின் உச்ச வேகமும் நீரின் வேகமும் சமமாகிற ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் தவளை என்ன உதைத்தாலும் கீழேதான் போகும். அந்தக் கோட்டில் சுவரோ வேலியோ கிடையாது, தாண்டும்போது தவளைக்கு ஒன்றும் உறைக்காது. தண்ணீருக்குப் பதில் வெளி, தவளைக்குப் பதில் ஒளி என்று மாற்றிக்கொண்டால் அந்தக் கோடுதான் நிகழ்வெல்லை. சூரியனை அழுத்தி அழுத்தி 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடைத்தால் அதைச் சுற்றி இந்தக் கோடு விழும். பூமி என்றால் 9 மில்லிமீட்டர், ஒரு கோலிக்குண்டு அளவு.

'தீர்வு' என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். ஐன்ஸ்டைன் 1915இல் எழுதிய சமன்பாட்டின் இடது பக்கம் வெளி-காலத்தின் வளைவு, வலது பக்கம் பொருளும் ஆற்றலும். இரு பக்கமும் பொருந்தி வருகிற ஒரு வளைவு வடிவத்தைக் கண்டுபிடித்தால் அது ஒரு தீர்வு. முதல் தீர்வை ஜெர்மானிய ராணுவத்தில் போர்முனையில் இருந்துகொண்டு கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட் கண்டார். 1916 மே மாதம் இறந்தும் போனார். மின்னூட்டம் உள்ள பொருளுக்கான தீர்வை ரைஸ்னர் 1916இலும் நார்ட்ஸ்ட்ராம் 1918இலும் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே வியாதி. மையத்துக்குப் போனால் வளைவு எல்லையற்றதாகிறது. இதைத்தான் சிங்குலாரிட்டி என்கிறார்கள். உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டதால் வந்த கோளாறு என்று சிலகாலம் சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். கல்கத்தாவில் அமல் குமார் ராய்சௌதுரி 1955இல் வெளியிட்ட சமன்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ரோஜர் பென்ரோஸ் 1965இல் அந்தச் சமாதானத்தை மூடிவிட்டார். பொருள் என்றால் ஈர்க்கும் என்பது உள்ளிட்ட சில நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் சிங்குலாரிட்டியைத் தவிர்க்க முடியாது.

மாலையில் கூடிப் பேசும் எங்கள் நாலைந்து பேரில் ஒருவர் இந்த இடத்தில் கேட்டார்: "அப்ப அங்க என்னதான் இருக்கு தோழர்?" நான் சொன்னேன்: "என்ன இருக்குன்னு சொல்ல முடியாம சமன்பாடு வாய மூடிக்குது. அவ்வளவுதான். வாய மூடிக்கிட்டதுக்கு நாம ஞானம்னு பேர் வைக்கக் கூடாது."

இதே வியாதி கருந்துளைக்கு முன்பே எலெக்ட்ரானுக்கு வந்திருந்தது. மின்புலம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். தூரம் பாதியானால் புலம் நான்கு மடங்கு. எலெக்ட்ரான் ஒரு புள்ளி என்றால் அந்தப் புள்ளியில் புலம் எல்லையற்றது, அதைச் சுற்றியுள்ள ஆற்றலும் எல்லையற்றது. ஒரு துளி எலெக்ட்ரானுக்கு எல்லையற்ற எடை! மாக்ஸ் போர்ன் கேட்டது எளிய கேள்வி: வேகத்துக்கு ஒளிவேகம் என்ற வரம்பு இருக்கும்போது மின்புலத்துக்கு ஏன் ஒரு வரம்பு இருக்கக் கூடாது? போலந்து யூதரான லியோபோல்ட் இன்ஃபெல்டோடு சேர்ந்து 1934இல் இதை முழுக் கோட்பாடாக எழுதினார். அவர்கள் வைத்த வரம்பு மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று சொன்னால் 1க்குப் பின் 20 சைபர் போட்ட அளவு. அன்றாட வாழ்க்கையில் இந்த வரம்பு இருப்பதே தெரியாது, மேக்ஸ்வெல்லின் பழைய விதியே வேலை செய்யும். எலெக்ட்ரானின் மிக அருகில் போனால் மட்டும் புலம் ஏறிக்கொண்டே போகாமல் உச்சத்தில் நின்றுவிடும். ஆற்றல் ஒரு திட்டமான எண்ணாகிவிடும்.

இதற்கு நேரிலா மின்னியக்கவியல் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்துகிறது. இரண்டு டார்ச் லைட்டை எதிரெதிரே குறுக்காக அடித்தால் ஒரு வெளிச்சம் இன்னொன்றைப் பாதிக்காமல் ஊடுருவிப் போகும். மேக்ஸ்வெல்லில் இது விதி. புலங்கள் வெறுமனே கூட்டிக்கொள்ளும். நேரிலாக் கோட்பாட்டில் புலம் புலத்தையே பாதிக்கும், ஒளி ஒளியோடு மோதும். இது வெறும் கற்பனையும் அல்ல. குவாண்டம் விதிகளிலிருந்தே இப்படி ஒரு விளைவு வரும் என்று ஆய்லரும் ஹைசன்பர்க்கும் 1936இல் காட்டினார்கள். ஒளி ஒளியோடு மோதிச் சிதறுவதற்கான சான்றை ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ் குழு 2017இல் வெளியிட்டது.

"இதெல்லாம் மேற்கத்தியச் சொல்லாடல், நமக்கென்ன" என்பவர்களுக்காக இனி வருவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1933 ஏப்ரலில் நாஜிகள் கொண்டுவந்த சட்டத்தால் போர்ன் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தை இழந்தார். யூதப் பிறப்பு, அதுதான் குற்றம். கேம்பிரிட்ஜில் ஒண்டியிருந்த காலத்தில் எழுதியதே மேற்சொன்ன கோட்பாடு. அங்கே நிரந்தர வேலை இல்லை. அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த சி. வி. ராமன் அழைத்தார், 1935இன் பிற்பகுதியில் போர்ன் மனைவியோடு வந்து சுமார் ஆறு மாதம் இருந்தார். கோட்பாட்டை அவர் பெட்டியில் பூட்டி வைத்திருக்கவில்லை. சென்ட்ரல் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த பி. எஸ். மாதவ ராவ் அதை எடுத்துக்கொண்டு, எலெக்ட்ரான் புள்ளியாக இல்லாமல் வளையமாக இருந்தால் சிங்குலாரிட்டி என்னவாகும் என்று ஆராய்ந்து, ராமன் 1934இல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் 1936இல் வெளியிட்டார். (சுழலும் கருந்துளைக்கு ராய் கெர் 1963இல் தீர்வு கண்டபோது அதன் நடுவிலும் வளையம்தான் வந்தது. வேறு கணக்கு, நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் படிக்கும்போது ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்கிறது.)

போர்னை நிரந்தரப் பேராசிரியராக்க ராமன் விரும்பினார். ஆசிரியர் கூட்டத்தில் போர்னையும் உட்கார வைத்துக்கொண்டு முன்மொழிந்தார். ஆஸ்டன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் எழுந்து, சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தர அந்நியர் ஒருவர் தங்களுக்குப் போதாது என்ற பொருளில் பேசினார். வீட்டுக்கு வந்து மனைவி முன்னால் அழுததாக, இறந்தபின் வெளிவந்த தன்வரலாற்றில் போர்ன் சொல்கிறார். குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 1954இல் நோபல் பரிசு பெறப்போகிறவர். காலனி நாட்டின் ஒரு நிறுவனத்தில், அகதியைப் பார்த்து 'அந்நியர்' என்று சொன்னது ஓர் ஆங்கிலேயர் என்பதைக் கவனியுங்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று பேசும் உரிமை தனக்குண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

இதை வைத்து ராமனுக்கு மாலை போடவும் நான் தயாரில்லை. அகதிக்காக வாதாடிய இதே ராமன் 1933இல் கமலா பாகவத் என்ற மாணவி (பின்னாளில் கமலா சோஹனி) சேர வந்தபோது பெண் என்பதற்காக மறுத்தார். அவர் விடாப்பிடியாக நின்ற பிறகே நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். கதவின் இந்தப் பக்கத்திலும் ஒரு காவல் இருந்தது. கழகத்தில் நடந்த விசாரணையில் போர்ன் விவகாரமும் எழுந்தது. 1937இல் ராமன் இயக்குநர் பொறுப்பிலிருந்து இறங்க நேர்ந்தது. போர்ன் 1936இலேயே எடின்பரோவுக்குப் போய்விட்டார்.

போர்னுக்கு எலெக்ட்ரானில் கிடைத்தது கருந்துளையில் கிடைக்குமா? பனேஷ் ஹாஃப்மன் 1935இலேயே போர்ன்-இன்ஃபெல்ட் புலத்தை ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் வலது பக்கம் வைத்துப் பார்த்தார். புலத்துக்கு வரம்பு வந்தது, வெளியின் வடிவத்துக்கு வரவில்லை. மையத்தில் சிங்குலாரிட்டி மிச்சமிருந்தது. நோய் லேசானது, குணமாகவில்லை. 1968இல் திபிலிசியில் நடந்த மாநாட்டில் ஜேம்ஸ் பார்டீன், நிகழ்வெல்லை உண்டு சிங்குலாரிட்டி இல்லை என்கிற ஒரு வடிவத்தை எழுதிக் காட்டினார். எந்தப் பொருள் அதை உண்டாக்கும் என்பதற்கு அப்போது பதில் இல்லை. மெக்சிகோவில் பணியாற்றிய அயோன்-பேயாடோவும் கார்சியாவும் 1998இல் நேரிலா மின்னியக்கவியலிலிருந்து ஒழுங்கான மையம் கொண்ட கருந்துளையைக் கொண்டுவந்தார்கள். 2000இல் பார்டீனின் வடிவத்தையே நேரிலாக் காந்த ஒற்றைமுனையின் தீர்வாக வாசித்தார்கள்.

பென்ரோஸ் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருடைய நிபந்தனைகளைத் தாண்டித்தான் இது நடக்கிறது. இந்தப் புலம் நடுவில் ஈர்ப்பதில்லை, தள்ளுகிறது. விலை அதோடு முடியவில்லை. பலவீனமான புலத்தில் மேக்ஸ்வெல்லோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் மின்னூட்டத்தை மட்டும் வைத்து ஒழுங்கான மையம் கிடைக்காது, காந்த ஊட்டம் வேண்டும் என்று ப்ரான்னிக்கோவ் 2001இல் காட்டினார். தனித்த காந்த முனையை இதுவரை யாரும் கண்டதில்லை. வானத்தில் உள்ள கருந்துளைகளிலும் குறிப்பிடும்படியான மின்னூட்டம் தங்காது. சுற்றியுள்ள பிளாஸ்மா சமன்செய்துவிடும்.

வலது பக்கம் இப்படி என்றால் இடது பக்கத்தையே மாற்றியவர்கள் இன்னொரு சாரார். ஐன்ஸ்டைனின் வளைவுக்குப் பதிலாக வளைவின் ஏதாவதொரு சார்பை வைத்துப் பார்க்கலாம் என்று புக்டால் 1970இல் எழுதினார். வளைவின் உயர்வர்க்கங்களைச் சேர்த்து, ஐந்தும் அதற்கு மேலும் பரிமாணம் கொண்ட வெளியில் கருந்துளைத் தீர்வை பூல்வேரும் டெசரும் 1985இல் கண்டார்கள். போர்னின் வரம்பு யோசனையை ஈர்ப்புக்கே பொருத்தி பன்யாடோஸும் ஃபெரேராவும் 2010இல் ஒரு கோட்பாடு அமைத்தார்கள். எடிங்டன் 1924இல் எழுதியதன் வழி வந்ததால் அவர் பெயரும் போர்ன், இன்ஃபெல்ட் பெயர்களும் அதற்குச் சேர்ந்தே வைக்கப்பட்டன.

எடிங்டன் பெயர் வந்துவிட்டது, சும்மா விட முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930இல் கப்பலேறிய சந்திரசேகர், ஒரு வரம்புக்கு மேல் எடையுள்ள நட்சத்திரம் வெள்ளைக் குறுமீனாக நின்றுவிட முடியாது என்று கணக்கிட்டார். 1935 ஜனவரி 11 அன்று லண்டன் கூட்டத்தில் எடிங்டன் அதைக் கேலி செய்தார். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். சந்திரசேகர்தான் சரி. ஆகவே எல்லையின்மையைச் சந்தேகிப்பது ஒரு பக்கம் என்றால், நமக்குப் பிடிக்காத முடிவைத் தடுக்கச் சட்டம் கேட்பது இன்னொரு பக்கம். மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கின்றன. எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானவை சாய்ந்தே இருக்கின்றன என்பது என் கருத்து. இடது, வலது இரண்டையும் மாற்றும் சுதந்திரம் கிடைத்தபின் வேண்டிய வடிவத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்கு எந்த விதி வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட முடியும். தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சி தேடும் போலீஸ் வேலை இது. அதிலும் ஒரு வேடிக்கை: பல தீர்வுகளில், அந்தக் குறிப்பிட்ட கருந்துளையின் எடையும் ஊட்டமும் இயற்கை விதிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு கருந்துளைக்கும் ஒரு தனிச் சட்டம் என்றால் அதற்குப் பெயர் சட்டமா?

எம்87 மண்டலத்துக் கருந்துளையின் நிழற்படம் 2019இல் வந்தபின் ஒவ்வொரு தீர்வுக்கும் நிழலின் அளவு கணக்கிட்டு வரும் கட்டுரைகள் பெருகிவிட்டன. அதில் கவனமில்லாமல் செய்யப்படுவதும் உண்டு. நேரிலாப் புலத்தில் ஒளி, வெளியின் சாதாரணப் பாதையில் போகாது. புலமே திருத்திய வேறொரு வடிவத்தின் பாதையில் போகும். இதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கில் வருவது அந்தக் கோட்பாட்டின் நிழல் அல்ல.

கேட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. அடிபட்ட கருந்துளை மணிபோல் சிறிது நேரம் ஒலித்து அடங்கும் என்று சி. வி. விஸ்வேஸ்வரா 1970இல் காட்டினார். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் பதிவுசெய்த அலையின் கடைசித் துணுக்கு அந்த ஒலிதான். அது நிகழ்வெல்லைக்கு வெளியே உள்ள வளைவைத்தான் பேசும். மையத்தைச் சரிசெய்யக் கொண்டுவந்த விதி வெளியேயும் கொஞ்சம் கசிந்தால் ஒலியின் சுருதியும் அடங்கும் நேரமும் மாறும், கசியாவிட்டால் ஒன்றும் தெரியாது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் இப்படியொரு கருவி அமைக்க 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.