‘சரிங்க அண்ணாச்சி’ மட்டும் போதாது!

ஆயிரம் காலண்டர் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர். ஒட்டி முடிக்கும்போது விடிகாலை நான்கு மணி!

காலேஜ் முடித்த கையோடு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த நேரம் அது. டிசம்பர் மாதம், காலண்டர் சீஸன் உச்சத்தில் இருந்தது. விருதுநகரிலிருந்து பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர் போனில் கூப்பிட்டார்.

“தம்பி, போன வருஷம் மாதிரியே ஆயிரம் போட்டுடு. நம்பரை மட்டும் மாத்திடு. புது பில்லு ஒண்ணு கொடுத்து விட்ருக்கேன், அதைப் பார்த்துக்கோ. ப்ரூஃப் எல்லாம் வேண்டாம், நேரமில்லை.”

“சரிங்க அண்ணாச்சி” என்றேன்.

பில்லைப் பார்த்தேன். புது செல்போன் நம்பர் இருந்தது. மாற்றினேன். அச்சாகி, கட்டுக் கட்டி வைத்திருந்த நேரத்தில், வேறு வேலையாக சிவகாசிக்கு வந்த அண்ணாச்சி அச்சகத்துக்கும் வந்தார். ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது. அவர் மாற்றச் சொன்னது கதவு நம்பரை. அதே தெருவில் வேறு கட்டடத்துக்குக் கடையை மாற்றியிருந்தார். பழைய இடத்தில் புதிதாக வந்திருப்பதும் ஒரு பாத்திரக்கடைதான்!

“என் காசைப் போட்டு அவனுக்கு விளம்பரம் பண்ணணுமா தம்பி?”

எனக்குப் பேச்சு வரவில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. சரியான முகவரியோடு ஸ்டிக்கர் அச்சடிக்கச் சொன்னார். ராத்திரி முழுக்க எங்களோடு உட்கார்ந்து அவரும் ஒட்டினார். நடுவில் ஒன்றே ஒன்று சொன்னார். “அவர் சொன்னதும் தப்பில்ல, நீ கேட்டதும் தப்பில்ல. கேட்டதைத் திருப்பிச் சொல்லலை பாரு, அதுதான் தப்பு.”

கல்லூரியில் கம்யூனிகேஷன் ஸ்கில் வகுப்பில் நான் நல்ல மார்க் வாங்கியவன். கைகுலுக்குவது எப்படி, ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்வது எப்படி என்றெல்லாம் படித்திருந்தேன். அவையும் தேவைதான். ஆனால் தொழிலில் பேச்சு என்பது வேறு. சொல்பவர் மனதில் இருக்கும் படமும், கேட்பவர் மனதில் இருக்கும் படமும் ஒன்றுதானா என்று உறுதி செய்துகொள்வதே அது. அந்த உறுதியைக் கெடுப்பதற்கென்றே நம் வாயில் சில வார்த்தைகள் இருக்கின்றன. முக்கியமாக மூன்று.

முதல் வார்த்தை: ‘சரிங்க’

‘சரிங்க’ என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்று ஓர் அர்த்தம். ‘எனக்குப் புரிந்தது’ என்று ஓர் அர்த்தம். ‘நான் ஒப்புக்கொள்கிறேன், செய்து முடிக்கிறேன்’ என்று இன்னோர் அர்த்தம். சொல்பவர் முதல் அர்த்தத்தில் சொல்வார். கேட்பவர் மூன்றாவது அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவார்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் கேனரி தீவுகளில் உள்ள டெனரீஃப் விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். மூடுபனி உட்பட அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, ‘ஓகே’ என்ற சொல். புறப்படும் நிலையில் இருப்பதாக ஒரு விமானத்திலிருந்து தகவல் வந்தபோது, கட்டுப்பாட்டு அறை ‘ஓகே’ என்று தொடங்கி, ‘காத்திருங்கள், கூப்பிடுகிறோம்’ என்று முடித்தது. அதே நொடியில் இன்னொரு விமானமும் ரேடியோவில் பேச, இரைச்சலில் அந்த விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டும்தான்.

அதன்பிறகு விமானப் போக்குவரத்தில் பேசும் முறையே இறுக்கமானது. முக்கியமான உத்தரவு எதற்கும் ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. கேட்ட உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அங்கேயே திருத்துவார்கள்.

நம் பகுதிக்கு இது நூறு சதவிகிதம் பொருந்தும். பட்டாசு ஆலையில் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. பொதுவாக ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் ஒருவர், “கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க” என்கிறார். எல்லோரும் “சரிங்க சார்” என்கிறார்கள். இதில் என்ன தகவல் இருக்கிறது? எதைப் பார்ப்பது, எப்படிச் செய்வது? “இந்த அறையில நாலு பேர்தான். அஞ்சாவது ஆள் இப்பவே அடுத்த அறைக்குப் போகணும்” என்றால்தான் அது தகவல்.

அதைச் சொல்லிவிட்டு, “என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க” என்று அதட்டினால் பரீட்சை வைப்பது போலாகிவிடும். உங்கள் அம்மா வயதில் இருப்பவரிடம் அப்படிக் கேட்பது மரியாதையும் இல்லை. “நான் சரியாச் சொன்னேனான்னு தெரியலைக்கா, நீங்க ஒருக்கா சொல்லிக் காட்டுங்களேன்” என்று கேட்டுப் பாருங்கள். பொறுப்பு உங்கள் தலைக்கு வந்துவிடும். அவரும் கூச்சமில்லாமல் சொல்வார். புரியாவிட்டால், “புரியலை தம்பி” என்பார். அந்த ‘புரியலை’ வெளியே வருவதுதான் பெரிய பாதுகாப்பு.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை இந்தப் பகுதி மறக்காது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர், தீயைப் பார்த்து உதவுவதற்காகவும் வேடிக்கை பார்ப்பதற்காகவும் ஓடி வந்தவர்கள். தீப்பிடித்தால் யார், எந்தப் பக்கம் போக வேண்டும், யார் கிட்டே வரவே கூடாது என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஊருக்கே தெரிந்திருக்க வேண்டிய தகவல். இங்கே தெளிவாகப் பேசுவது வேலையில் பதவி உயர்வுக்கான திறமை மட்டுமல்ல. உயிர் சம்பந்தப்பட்டது.

இரண்டாவது வார்த்தை: ‘பார்க்கலாம்’

முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று சொல்ல நமக்கு வராது. வாடிக்கையாளர் மனம் புண்படுமே என்று ‘பார்க்கலாம்’ என்போம். ‘முடியாது’ என்பதைத்தான் நாசூக்காகச் சொல்லியிருக்கிறோம் என்று நாம் நினைப்போம். ‘பாதி முடிந்த மாதிரி’ என்று அவர் நினைப்பார்.

பட்டாசுத் தொழிலில் இந்த ‘பார்க்கலாம்’ ஆபத்தானது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. ஆன்லைன் விற்பனையும் கூடாது என்றது. அப்படியிருக்க, வெளி மாநில டீலர் ஒருவர், “சரவெடி கொஞ்சம் அனுப்புங்களேன்” என்று கேட்கும்போது ‘பார்க்கலாம்’ என்று இழுத்தால், அவர் காத்திருப்பார். சீஸன் போய்விடும். அல்லது, நீங்கள் தடையை மீறத் தயார் என்று முடிவு கட்டிவிடுவார்.

‘இல்லை’ என்பதைக் கசப்பில்லாமல் சொல்ல ஒரு வழி உண்டு. முதலில் முடிவு, அடுத்து காரணம், கடைசியில் மாற்று வழி. “சரவெடி அனுப்ப முடியாதுங்க. கோர்ட் தடை இருக்கு. பசுமைப் பட்டாசுல என்னென்ன ரகம் இருக்குன்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள விலைப் பட்டியல் அனுப்புறேன்.” முதல் வார்த்தையிலேயே ‘முடியாது’ வந்துவிட்டது, கவனித்தீர்களா? காரணத்தை நீட்டி முழக்கி, முடிவைக் கடைசியில் ஒளித்து வைத்தால் யாருக்கும் பயனில்லை.

அலுவலகத்திலும் இதே கதைதான். மேலதிகாரி வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ரிப்போர்ட் கேட்கிறார். உங்கள் கையில் ஏற்கெனவே இரண்டு வேலை. “பார்க்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை ராத்திரி விழி பிதுங்குவதைவிட, “வெள்ளிக்கிழமை முடியாது சார், திங்கள் காலை 11 மணிக்குத் தர்றேன். வெள்ளிக்கிழமையே வேணும்னா இந்த ரெண்டு வேலையில எதைத் தள்ளி வைக்கலாம், சொல்லுங்க” என்று கேட்டுவிடலாம். இதில் திமிர் எதுவும் இல்லை. கணக்குத்தான் இருக்கிறது.

மூன்றாவது வார்த்தை: ‘கிளம்பிடுச்சு’

“லாரி கிளம்பிடுச்சா?”

“அப்பவே கிளம்பிடுச்சுங்களே!”

லாரி நம் கண் முன்னால்தான் நின்றுகொண்டிருக்கும். லோடு ஏறவே ஆரம்பித்திருக்காது. அந்த நேரத்துக்குத் தப்பிக்கச் சொல்லும் பொய் இது. ஆனால் மறுமுனையில் இருப்பவர் இதை நம்பி ஆட்களை வரச் சொல்வார். இடத்தைக் காலி செய்வார். தன் வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுப்பார். நம் ஒரு பொய்யால் நான்கு பேருடைய வாக்கு கெட்டுப்போகும்.

கெட்ட செய்தியை முதலில் நாம் சொல்ல வேண்டும், அவர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. நடந்தது என்ன, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், எப்போது முடியும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். காரணம் சொல்லி அழ வேண்டியதில்லை. “லோடு இன்னும் ஏறலைங்க. டிரைவர் மாறிட்டார். ராத்திரி 9 மணிக்கு வண்டி கிளம்பும், கிளம்பினதும் வண்டி நம்பர் அனுப்புறேன்.” திட்டு விழும். ஆனால் அடுத்த வருடமும் ஆர்டர் வரும்.

மொழி ஒரு தடையா?

ஊர் விட்டு ஊர் போய்க் கற்றுக்கொண்ட ஊர் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்துதான் இங்கே அதைத் தொடங்கினார்கள். இன்று நாட்டின் எல்லா மூலைகளுக்கும் சரக்கு போகிறது. “எனக்கு ஆங்கிலமும் இந்தியும் சரளமாக வராதே” என்று தயங்கும் இளைஞர்களுக்கு ஒரு ஆறுதல்: இலக்கணப் பிழையால் நின்றுபோன ஆர்டரை நான் பார்த்ததில்லை. எண்ணும் தேதியும் குழம்பி நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

உதாரணம் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். இந்தியில் ‘டேட் சௌ’ என்றால் 150, ‘டாயி சௌ’ என்றால் 250. ‘கல்’ என்ற இந்திச் சொல்லுக்கு நேற்று என்றும் பொருள், நாளை என்றும் பொருள்! நம் தமிழிலேயே ‘பெட்டி’ என்றால் சின்ன பாக்கெட்டா, அட்டைப் பெட்டியா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எனவே எந்த மொழியில் பேசினாலும், போனை வைத்தவுடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். இப்படி:

‘அண்ணாச்சி, இப்போது பேசியது: காலண்டர் 1000. போன வருட டிசைன். மாற்றம்: கதவு எண் மட்டும். விலை நேற்று சொன்னதுதான். டிசம்பர் 20 மாலை 6 மணிக்குள் உங்கள் கடையில் இறக்குவோம். இதில் எது தவறு என்றாலும் இன்று இரவுக்குள் சொல்லுங்கள். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது.’

வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம் போனிலேயே முடிந்தது. இதில் என்ன, எத்தனை, எப்போது, யார் பொறுப்பு என்ற நான்கும் இருக்கின்றன. எண்களை இலக்கத்தில் எழுதுங்கள். ‘நாளை’, ‘அடுத்த வாரம்’ என்பதற்குப் பதில் தேதியைப் போடுங்கள். ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதீர்கள். எட்டாவது மாதம் அதில் ஒரு விஷயத்தைத் தேட வேண்டி வந்தால் யாராலும் முடியாது.

பெரியவர்களுக்கு இப்படி எழுதி அனுப்பினால் ‘என் மேல நம்பிக்கை இல்லையா?’ என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் வரும். எனக்கும் வந்தது. “என் ஞாபகத்துக்காக எழுதி வச்சுக்கிறேன் அண்ணாச்சி” என்று ஒரு வரி சேர்த்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மறுபடியும் அந்த ராத்திரி

ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குவதற்கு முன், முதலாளி பாத்திரக்கடை அண்ணாச்சியை உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். “தப்பு எங்களோடது. காலையில தர முடியாது. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க கடை வாசல்ல இறக்குறோம். ஸ்டிக்கர் செலவு எங்களோடது” என்றார். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் சரக்கோடு நானே விருதுநகருக்குப் போனேன். புதுக் கதவு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் கடை வாசலில் இறக்கும்போது மணி ஐந்தரை. அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைப் பையனிடம் எனக்குக் கலர் வாங்கி வரச் சொன்னார்.

அடுத்த வருடம் ஆர்டர் போனில் வந்தது. “போன வருஷம் மாதிரியே ஆயிரம்…” என்று ஆரம்பித்தவர், தானாகவே நிறுத்தினார்.

“இரு, இரு. நீ சொல்லு தம்பி, நான் கேட்டுக்கிறேன்.”