கட்டுப்பல்லா, பதித்த பல்லா?

கழற்றி மாட்டும் கட்டுப்பல்லை விடுத்துத் தாடையெலும்பிற் பதிக்கும் செயற்கைப் பல்வேரை நாடலாமா என்பது பல்லிழந்தோர் பலர் இன்று வினவும் வினாவாகும்.

பல் நீங்கியவிடத்து எலும்பு நாளடைவில் தேய்ந்து குறுகும். மேற்றாடைக் கட்டுப்பல் அண்ணத்தைப் பற்றி நிற்கும். கீழ்த்தாடையிலோ அத்தகைய பரந்த பற்றிடம் இல்லை. நாவும் அதனை அசைக்கும். ஆதலின் மெல்லுதலும் பேசுதலும் இடர்ப்படுகின்றன. பலரோடிருந்து உண்ணவும் சிலர் கூசுவர்.

1952ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனெமார்க், முயலின் எலும்பிற் பொருத்திய தைற்றேனிய உலோகம் அவ்வெலும்போடு ஒன்றிப் பிரிக்கவொண்ணாதிருத்தலைக் கண்டார். 1965இல் ஒருவரது கீழ்த்தாடையில் அவர் பதித்த தைற்றேனிய வேர்கள், அம்மனிதர் 2006இல் மறையும்வரை பயன்பட்டன.

எனினும், இம்முறை யாவர்க்கும் உகந்ததன்று. போதிய எலும்பு வேண்டும். கட்டுப்படாத நீரிழிவும் புகைத்தலும் எலும்பு ஒன்றுதலைக் கெடுக்கும். அறுவைச் சிகிச்சையின் பின் சில மாதங்கள் காத்திருத்தல் வேண்டும், செலவும் மிகுதி. செயற்கை வேரிற் சொத்தை பிடியாதெனினும், நாடோறும் துலக்காவிடின் சூழவுள்ள ஈறும் எலும்பும் அழியும்.

இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழியுமுண்டு. பற்கள் முழுதும் இழந்த கீழ்த்தாடையில் இரு வேர்களை மட்டும் பதித்து, அவற்றின்மேற் கட்டுப்பல்லைக் கொளுவலாம். 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய அறிஞர், அத்தாடைக்கு இதனையே முதற்றெரிவாகக் கூறினர்.

எனவே, இருக்கும் கட்டுப்பல்லால் இடர் உளதா, எலும்பும் உடல்நலமும் இடந்தருமா, பதித்ததை நாடோறும் பேணவல்லோமா என்னும் மூன்றையும் மருத்துவரோடு ஆராய்ந்தே துணிதல் வேண்டும். நன்கு பொருந்திய கட்டுப்பல்லை, புதுமை கருதி மட்டும் கைவிடுதல் அறிவுடைமையாகாது.