விளையாட்டுக் கணினி: ஆயத்தமாய் வாங்குவதா, கூட்டிக்கொள்வதா?

வீட்டில் வளரும் பிள்ளை விளையாட்டுக்கு ஏற்ற கணினி ஒன்று வேண்டுமென்று கேட்டால், பெற்றோர்க்கு முதலில் எழும் கவலை பணத்தைப் பற்றியது. பிள்ளைக்கு எழும் கேள்வியோ வேறு. பெரிய கம்பெனி பெட்டியில் அடைத்து அனுப்பும் ஆயத்தக் கணினியை வாங்குவதா, அன்றி உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கூட்டிக்கொள்வதா என்பதே அது. முன்னதைக் கடைவீதியில் 'பிராண்டட்' என்பர். பின்னதை 'அசெம்பிள்டு' என்பர். இவற்றுள் குறைந்த பணத்துக்குத் தக்கது எது என்பதைக் கோலார் தங்கவயலில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிலையில் நின்று ஆராய்வோம்.

தங்கவயலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் அது. பெங்களூர் நகரம் அதன் பின்னரே மின்விளக்கைக் கண்டது. எனினும் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின், ஊர்மக்களில் பல்லாயிரவர் மாரிக்குப்பத்திலும் ஊர்காமிலும் ரயிலேறி, நாள்தோறும் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். கணினி பழுதுபட்டால் அதைச் சுமந்துகொண்டு ஒரு நாள் அலைவதென்பது இவர்கட்கு ஒரு நாள் ஊதியத்தை இழப்பதாகும். ஆகவே பில்லில் எழுதிய தொகை மட்டும் கணினியின் விலையன்று. அதன் பொருட்டு இழக்கும் நாட்களும் விலையிற் சேரும். பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் தத்தம் ஊரை வைத்து இக்கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆயத்தக் கணினியின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. முழுப் பெட்டிக்கும் ஒரே பில், ஒரே உத்தரவாதம். எந்த உறுப்பு கெட்டது என்று நாம் தேட வேண்டியதில்லை. பல கம்பெனிகள் வீட்டுக்கே ஆளனுப்பிப் பழுது பார்க்கின்றன. விண்டோஸ் உரிமமும் பெரும்பாலும் விலையிலேயே அடங்கிவிடும். ஆயினும் ஆள் வருவது நம் ஊர்ப் பின்கோடுக்கும் உண்டா, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் பணம் கொடுக்குமுன் எழுத்தில் கேட்டறிய வேண்டும். பெங்களூருக்கு உள்ள வசதி தங்கவயலுக்கும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது.

இனி அதன் குறை. மலிவான ஆயத்தக் கணினியில் கம்பெனியார் சிக்கனம் செய்வது கண்ணுக்குப் புலப்படாத இடங்களில். விளம்பரத்தில் பிராஸஸரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பவர் சப்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இராது. ராம் ஒரே பட்டையாகப் பொருத்தப்பட்டிருக்கும். சில கம்பெனிகளின் மதர்போர்டும் பவர் சப்ளையும் பொது அளவுக்கு ஒவ்வாத தனி வடிவில் அமைந்தவை. ஈராண்டு கழித்துக் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் சேர்க்க முற்பட்டால், அதற்கு வேண்டிய மின் இணைப்பே பெட்டிக்குள் இல்லையென்பது அப்போதுதான் தெரியவரும். பவர் சப்ளையை மாற்றலாமென்றால் வெளியில் வாங்கியது பொருந்தாது. கணினி கெடவில்லை, ஆனால் வளர வழியின்றி நின்றுவிடுகிறது.

கூட்டிக்கொள்ளும் கணினியின் பெருநன்மை, பணம் சேரச் சேர அதை வளர்க்கலாம் என்பது. மும்பைக்கு லாமிங்டன் சாலை, தில்லிக்கு நேரு பிளேஸ், சென்னைக்கு ரிச்சி தெரு போலப் பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு. தங்கவயலிலிருந்து நாள்தோறும் அந்நகருக்குச் செல்வோர்க்கு அது எட்டாத இடமன்று. முதற்கட்டமாக, கிராஃபிக்ஸ் திறனைத் தன்னுள்ளேயே கொண்ட பிராஸஸர் ஒன்றை வாங்கினால் போதும். 2021-இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி அவ்வகையைச் சேர்ந்தது. வாலரண்ட் போன்ற இலகுவான ஆட்டங்களைத் தனிக் கார்டு இன்றியே அது நன்கு நடத்தும். கல்லூரிப் பாடத்துக்கும் குறைவைக்காது. இவ்வகைப் பிராஸஸருக்குத் தனி நினைவகம் கிடையாது. ராமையே அது கிராஃபிக்ஸுக்கும் பயன்படுத்துவதால், 16 ஜி.பி. பட்டை ஒன்றை வாங்குவதினும் 8 ஜி.பி. பட்டை இரண்டை வாங்கிப் பொருத்துவதே மேல். இரு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு செல்வதால் ஆட்டத்தின் வேகம் கண்கூடாக உயரும்.

பின்னர் பணம் சேர்ந்தபோது ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 ஜி.பி. கார்டு ஒன்றைச் சேர்க்கலாம். அது 132 வாட் மின்சாரம் கொள்ளும். 450 வாட் பவர் சப்ளை அதற்குப் போதுமெனக் கம்பெனியாரே கூறுகின்றனர். ஆகையால் முதல் நாளிலேயே தரமுள்ள பவர் சப்ளையை வாங்கிவிட வேண்டும். கேபினெட்டுடன் இலவசமாய்த் தரும் பவர் சப்ளையை நம்பவே கூடாதென்பது எமது திடமான கருத்து. அது கெடும்போது தான் மட்டும் கெடாமல், மதர்போர்டையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும். வண்ண விளக்கு எரியும் கேபினெட்டுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

விலையில் எது மலிவு என்பதற்கு என்றுமுள்ள விடை இல்லை. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குப் பெரும் பஞ்சம் நேர்ந்தது. ஈதீரியம் போன்ற கணினி நாணயங்களை ஈட்டுவோர் அவற்றை வாங்கிக் குவித்ததும் அதற்கொரு காரணம். அத்தொழிலுக்கும் சுரங்கம் தோண்டுதல் என்றே பெயர். தங்கவயல்காரருக்கு அது வேடிக்கையாகத் தோன்றலாம். அந்நாட்களில், கார்டைத் தனியே வாங்குவதினும் முழுக் கணினியாக வாங்குவதே பல வேளை மலிவாக இருந்தது. 2022 செப்டம்பரில் ஈதீரியம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாய் உழைத்த பழைய கார்டுகள் சந்தைக்கு வந்தன. உத்தரவாதம் தீர்ந்த அத்தகைய கார்டை, ஓடவிட்டுச் சோதிக்காமல் வாங்குவது கூடாது. 2025-இன் இறுதியிலோ, செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் ராமின் விலை பெரிதும் ஏறியது. எனவே ஒரே நாளில் இரு பட்டியல்களையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். கூட்டிய கணினியின் கணக்கில் விண்டோஸ் உரிமத்தையும் சேர்க்க மறக்கலாகாது.

கூட்டிய கணினியில் உத்தரவாதம் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி. புதிய பிராஸஸருக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு. நல்ல பவர் சப்ளைக்கு ஐந்தாண்டும் உண்டு. ஆனால் கெட்டது எதுவென்று கண்டறியும் பொறுப்பு நம்முடையது. பிள்ளைக்கு அதில் ஆர்வமிருந்தால், அல்லது ராபர்ட்சன்பேட்டையில் தெரிந்த கடைக்காரர் ஒருவர் கூட்டித் தந்து பின்னரும் பார்த்துக்கொள்வார் என்றால், கூட்டிக்கொள்வதையே நாம் பரிந்துரைப்போம். தந்தை விடியுமுன் ரயிலேறி இரவு திரும்ப, பிள்ளை வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்க, கணினி வீட்டிலுள்ள தங்கையின் பாடத்துக்கும் பயன்பட வேண்டும் என்ற நிலையில், வீட்டுக்கு ஆள் வரும் ஆயத்தக் கணினியே தக்கது. அப்போதும் பொது அளவுள்ள பவர் சப்ளை பொருத்தியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எதை வாங்கினும், தங்கவயலில் தூசியைக் கணக்கில் கொள்ளாதிருக்க முடியாது. சயனைடு மேடுகளின் மண் காற்றுக் காலத்தில் வீடுகளுக்குள் புகுவதை ஊரார் அறிவர். மெல்லிய வலைத்தடுப்பு உள்ள கேபினெட்டாகப் பார்த்து, தரையில் வைக்காமல் மேசைமேல் வைக்க வேண்டும். காற்றுக் காலத்தில் மாதம் ஒருமுறை மின் இணைப்பை நீக்கிவிட்டு, வலையைக் கழற்றித் தட்டி, உள்ளே காற்றூதித் தூய்மை செய்யலாம். ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது மிகையாகச் சுழன்றால் அதன் பேரிங் கெட்டுவிடும்.