கையிலும் தலையிலும் கட்டும் மறைவாக்கு

ஐந்தருவிக்கு நீராட வருவோரை உற்று நோக்கினால், மக்கள் உடல்மேல் அணியும் சமயச் சின்னங்கள் எத்தனை வகை என்பது விளங்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குச் செல்லும் பக்தர்களின் கழுத்தில் மாலை. குழந்தைகளின் அரையில் தாயத்து. நம்மவர் கழுத்தில் உத்தரியம். சில காப்புக்காக அணிபவை, சில நினைவுக்காக அணிபவை. யூதர்கள் அணியும் தெபிலின் இவற்றுள் எவ்வகை என்று காண்போம்.

தெபிலின் என்பது கறுப்புத் தோலால் செய்த இரு சிறு பெட்டிகள். ஒன்று புயத்துக்கு, மற்றொன்று தலைக்கு. இரண்டிலும் நீண்ட தோல் வார் உண்டு. உள்ளே இருப்பவை வேத வாக்கியங்கள்: யாத்திராகமம் 13ஆம் அதிகாரத்தில் இரு பகுதிகள், உபாகமம் 6, 11ஆம் அதிகாரங்களில் ஒவ்வொன்று. எகிப்தில் அடிமைப்பட்ட மக்களைக் கடவுள் மீட்டார், அவர் ஒருவரே, அவரை முழு உள்ளத்தோடு நேசிக்க வேண்டும் என்பது இவற்றின் சாரம். இதைக் கையிலும் கண்களுக்கு நடுவிலும் அடையாளமாகக் கொள்ளும்படி நான்கு பகுதிகளுமே பணிக்கின்றன.

தலைப்பெட்டியில் நான்கு அறைகள். நான்கு தனி ஏடுகள். கைப்பெட்டியிலோ ஓர் அறைதான். நான்கு பகுதிகளும் ஒரே ஏட்டில் இருக்கும். ஒரே நீர் பாறையில் ஐந்தாய்ப் பிரிந்து விழுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். எண்ணம் பலவாகப் பிரியலாம், செயல் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு.

இரு பெட்டிகளிலும் சேர்த்து 3,188 எழுத்துகள். அனைத்தும் பயிற்சி பெற்ற எழுத்தர் தோலேட்டில் கையால் எழுதியவை. ஓர் எழுத்து குறைந்தாலும் ஏடு செல்லாது. வரிசை மாறாமல் எழுத வேண்டுமாதலால், விட்டதைப் பின்னர் இடையில் நுழைக்கவும் இயலாது. தேர்வுத் தாளில் அம்புக்குறி போட்டுச் சொற்களைச் செருகும் நாம் அங்கே தேறமாட்டோம்!

பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் வார நாட்களில் காலைச் செபத்தின்போது இதை அணிவர். வலக்கைப் பழக்கமுடையோர் இடப் புயத்தில், இதயத்தை நோக்கியவாறு பெட்டியை வைத்து, வாரை முன்கையில் ஏழு சுற்றுச் சுற்றுவர். பிறகு தலைப்பெட்டி. இறுதியாக நடுவிரலில் மூன்று சுற்று. அப்போது சொல்வது, இறைவன் தம் மக்களை மணம் பேசுவதாக ஓசேயா ஆகமத்தில் வரும் வாக்கியம். ஓய்வுநாளில் அணிவதில்லை, அந்நாளே ஓர் அடையாளம் அன்றோ!

பெண்களுக்கு இக்கடமை இல்லை. இது நமக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் சவுல் அரசரின் மகள் மீக்கால் தெபிலின் அணிந்தாள், அறிஞர்கள் தடுக்கவில்லை என்று தல்மூத் கூறுகிறது. இன்று சில யூதப் பிரிவுகளில் பெண்களும் அணிகின்றனர். வேறு சில பிரிவினர் அதை ஏற்பதில்லை.

நம்மில் பலர் தெபிலினைப் பற்றிக் கேட்டிருப்பது மத்தேயு நற்செய்தி 23ஆம் அதிகாரத்தில் மட்டுமே. பழைய மொழிபெயர்ப்பு ஒன்றில் 'காப்புநாடா' என்றிருக்கும். அச்சொல் தாயத்தை நினைவூட்டி நம்மைத் திசைதிருப்புகிறது. இயேசு கண்டித்தது அணிந்ததை அன்று. பிறர் பார்க்கும்படி அகலமாக்கியதை. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் ஏறக்குறைய அக்காலத்துத் தெபிலின்கள் கிடைத்துள்ளன. அவை மிகச் சிறியவை.

யூதர்கள் நமக்குத் தொலைவானவர்களும் அல்லர். ஐந்தருவிக்கு மேற்கே மலையைக் கடந்தால் கொல்லம். அங்கே கி.பி. 849இல் ஒரு தேவாலயத்துக்கு வழங்கப்பட்ட செப்பேட்டில், சாட்சிகளின் கையொப்பங்கள் சில எபிரேய எழுத்தில் உள்ளன. கொச்சியில் 1568இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. ஆனால் 1948இல் இஸ்ரேல் நாடு உருவானபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டனர். எனவே இங்கே தெபிலினை நேரில் காண்பது அரிது.

காணாத பொருள் அச்சமும் தரும். 2010 ஜனவரியில் அமெரிக்காவில், விமானத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் தெபிலின் கட்டிச் செபித்தான். வார்களையும் பெட்டியையும் கண்ட பணியாளர்கள் வெடிகுண்டோ என்று அஞ்சினர். நியூயார்க்கிலிருந்து லூயிவில் செல்ல வேண்டிய விமானம் பிலடெல்பியாவில் இறக்கப்பட்டது. காவலர்கள் விசாரித்து அவனை விட்டுவிட்டனர். அவன் செய்துகொண்டிருந்தது காலைச் செபம்.