கடலில் ஒரு வாரம்: படகு அமர்த்துமுன் பேச வேண்டியவை



வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரிந்து வாழும் நம் குடும்பங்கள் ஒன்றுகூடும் விடுமுறை நாட்கள் சிலவே. அந்நாட்களில் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, மாலத்தீவுக் கடலில் ஓர் உல்லாசப் படகை முழுமையாக வாடகைக்கு எடுத்து, ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றி வரலாமே என்னும் எண்ணம் இன்று பலருக்கும் எழுகிறது. வசதி படைத்தோர்க்கு இது தவறான ஆசை அன்று. ஆனால் வெண்மணலும் நீலநீரும் கொண்ட வண்ணப் படங்களைப் பார்த்து முன்பணம் கட்டுவோர் பலர், 'எந்தப் படகு?' என்று கேட்கிறார்களே ஒழிய, 'எந்த மாதம்? எவ்வளவு தூரம்? யார் யார் வருகிறார்கள்?' என்று கேட்பதில்லை. பயணத்தின் சுகமும் பாதுகாப்பும் இந்த மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளைப் பொறுத்தே அமைகின்றன.

நமக்கு அந்நியமல்லாத கடல்

மாலத்தீவு மக்கள் 1153ஆம் ஆண்டில் இஸ்லாத்தைத் தழுவினர் என்பது அந்நாட்டு வரலாறு. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1343இல் அங்கே சென்று காழியாகப் பணியாற்றினார். 1344இல் புறப்பட்டு, இலங்கை வழியாக மதுரை சுல்தானின் ஆட்சிப் பகுதிக்கு வரும்போது, நம் கடற்கரையருகே ஆழமற்ற நீரில் அவரது கப்பல் சேதமுற்றது. கடலை நன்கறிந்த பயணியையும் கடல் சோதித்தது என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் தம் படகை 'தோனி' என்று அழைப்பது நம் 'தோணி'யை நினைவூட்டுகிறது. நம் கடற்கரை ஊர்ச் சமையலறைகளில் மணக்கும் மாசியும் அத்தீவுகளின் சூரை மீனே.

அங்கே ஏறத்தாழ 1,190 தீவுகள் உள்ளன. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இத்தீவுக் கூட்டத்தை ஒரு வாரத்தில் பார்த்து முடிக்க எவராலும் இயலாது. இதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

மாலத்தீவிலும் இரு பருவக்காற்றுகளே ஆட்சி செய்கின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்றின் காலம். வானம் தெளிந்தும் கடல் பெரும்பாலும் அமைதியாகவும் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றின் காலம். மழையும் அலையும் மிகுதி. வாடகை குறைவதும் அப்போதுதான். குறைவதன் காரணத்தை அறிந்து ஏற்றுக்கொண்டால் குற்றமில்லை. உண்மையில் பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வந்து இரை தேடும் அற்புதக் காட்சி அம்மழை மாதங்களுக்கே உரியது.

நம் பிள்ளைகளின் ஆண்டு விடுமுறையோ மே மாதத்தில் வருகிறது. அப்போது காற்று மாறத் தொடங்கிவிடும். எனவே பள்ளி விடுமுறையோடு நல்ல கடலும் வேண்டுவோர், தேர்வுகள் முடிந்தவுடன் ஏப்ரல் மாதத்திற்குள்ளேயே பயணத்தை முடித்துக்கொள்வது நலம். இன்னொன்றையும் கவனியுங்கள். ரமலான் 2027இல் பிப்ரவரியிலும், 2028இல் ஜனவரி இறுதியிலும் தொடங்குகிறது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களிலேயே நோன்பும் வருவதால், நாள் குறிக்கும்போது பிறைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரம்?

இத்தகைய படகுகள் மணிக்கு எட்டு முதல் பத்து கடல்மைல் வேகத்தில் செல்வன. ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். அறுபது கடல்மைல் செல்ல ஆறு முதல் ஏழரை மணி நேரம் பிடிக்கும். பவளத் திட்டுகள் நிறைந்த நீரில், வெயில் உயர்ந்திருக்கும் பகல் வேளையில்தான் திட்டுகளைக் கண்ணால் கண்டு விலகிச் செல்ல முடியும். ஆகவே 'இரவோடு இரவாகப் போய்விடலாம்' என்று மாலுமியை அவசரப்படுத்தாதீர்கள்.

அட்டோலின் உட்பகுதியில் நீர் குளம்போல் இருக்கும். ஓர் அட்டோலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது திறந்த கடலைக் கடக்க வேண்டும். முதியோர்க்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வருவது அங்கேதான். முதன்முறை செல்வோர் தலைநகர் மாலேயிலிருந்து அரி அட்டோலின் தென்பகுதி வரை சென்று திரும்புவது போதுமானது. ஆண்டு முழுவதும் திமிங்கிலச் சுறாக்களைக் காண வாய்ப்புள்ள இடம் அது. ஏழு நாட்களில் ஒரு நாளை எந்தத் திட்டமும் இன்றி விட்டுவையுங்கள். காற்று திசை மாறினால் அந்த ஒரு நாள்தான் உங்கள் பயணத்தைக் காப்பாற்றும்.

யார் யார் வருகிறார்கள்?

குடும்பத்தில் வலிமை குன்றியவரை வைத்தே திட்டம் தீட்ட வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டியம்மாவுக்கு மேல்தளத்து அலங்கார அறையால் பயனில்லை. ஆட்டம் குறைவாக உள்ள நடுப்பகுதியில், படி ஏறாமல் செல்லக்கூடிய அறையே அவருக்குச் சொகுசு. பெரிய படகிலிருந்து சிறு படகுக்கு இறங்கும் ஏணி எப்படிப்பட்டது, குழந்தைகளின் அளவுக்கேற்ற மிதவைச் சட்டை உண்டா, அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவில் உள்ளது என்றெல்லாம் கேளுங்கள். இளைஞர்கள் ஆழ்கடலில் மூழ்கி நீந்துவார்களாயின், அதன்பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. கடைசி நாளில் மூழ்குவதைத் தவிர்த்துவிடுங்கள்.

உயிர் காக்கும் கேள்விகள்

2019 செப்டம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியக் கடலில் 'கன்செப்ஷன்' என்னும் படகு நள்ளிரவில் தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேரும் மாண்டனர். இரவில் விழித்திருந்து சுற்றிவரும் காவலர் எவரும் இல்லை. கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரு வழிகள் இருந்தும், இரண்டும் தீப்பற்றிய ஒரே கூடத்தில் போய் முடிந்தன. எனவே, 'இரவில் காவல் யார்? என் அறையிலிருந்து இரண்டாம் வழி எங்கே போய் முடிகிறது?' என்று தயங்காமல் கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காத படகு எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம். கைப்பேசி மின்கலங்களை இரவில் அறைக்குள் மின்னேற்றம் செய்வதையும் தவிருங்கள்.

பணமும் பத்திரமும்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதைப் பற்றியதே. படகு விஷயத்தில் இது பெரிதும் பொருந்தும். மாலத்தீவுச் சஃபாரிப் படகுகளில் உணவும் எரிபொருளும் பெரும்பாலும் வாடகையில் அடங்கும். பெரும் உல்லாசப் படகுகளிலோ வாடகை என்பது படகுக்கும் பணியாளர்க்கும் மட்டுமே. எண்ணெய், உணவு, துறைமுகக் கட்டணம் ஆகியவற்றுக்காக வாடகையில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தனியே முன்பணமாக வாங்குவர். இறுதியில் கணக்குக் காட்டி மீதியைத் திருப்பித் தருவது முறை.

வரியையும் மறக்க வேண்டாம். 2025 ஜூலை முதல் சுற்றுலா விற்பனை வரி 17 விழுக்காடு. 2025 ஜனவரி முதல் படகில் தங்குவோர்க்குப் பசுமை வரி நாளொன்றுக்குத் தலைக்கு 12 டாலர். பன்னிரண்டு பேர் ஏழு நாள் தங்கினால் இதுவே 1,008 டாலர் ஆகிறது. சொன்ன விலை வரியோடு சேர்த்தா, வரி நீங்கலாகவா? பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும்? புயல் குறுக்கிட்டால் என்ன ஏற்பாடு? இவை மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

நம் வீட்டு ஒழுங்கு

அறை அறையாக வாடகைக்கு விடும் படகில் அந்நியரோடு ஒரு வாரம் கழிக்க நேரும். நம் பெண்கள் தயக்கமின்றி இருக்க முழுப் படகையும் எடுப்பதே பொருத்தம். மக்கள் வாழும் தீவுகளில் மது விற்பனைக்கு அனுமதி இல்லை எனினும், விடுதித் தீவுகளிலும் உரிமம் பெற்ற படகுகளிலும் அது உண்டு. மதுக்கூடத்தை அந்த வாரம் மூடிவைக்க வேண்டும், சமையலறையில் ஹலால் உணவே புழங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மாலேயிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து ஏறத்தாழ 30 பாகை வடக்கே உள்ளது. நங்கூரமிட்ட படகு காற்றுக்கேற்பத் திரும்பும். தொழுகையின் இடையே திசை மாறியதை உணர்ந்தால் அதற்கேற்பத் திரும்பிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமையன்று மக்கள் வாழும் தீவொன்றின் அருகே நங்கூரமிடும்படி திட்டமிட்டால் ஜும்ஆவும் கிடைக்கும். 1658இல் பவளக் கற்களால் எழுப்பப்பட்ட மாலே ஜும்ஆப் பள்ளியின் சிற்ப வேலைப்பாட்டை வெளியிலிருந்தேனும் கண்டு வாருங்கள்.

விருந்தினரின் கடமை

1998இலும் 2016இலும் கடல் சூடேறியதால் அங்கே பவளங்கள் பேரளவில் வெளுத்து மடிந்தன. நங்கூரத்தை மணலிலேயே இறக்கச் சொல்லுங்கள். பவளத்தின்மேல் நிற்காதீர்கள். நினைவுப் பொருள் என்று அதை உடைத்து எடுக்காதீர்கள். கொண்டுசென்ற நெகிழிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஒன்று. 'இன்று அங்கே போக வேண்டாம்' என்று படகின் தலைவர் சொன்னால், கொடுத்த பணத்தைச் சொல்லிக்காட்டி வாதிடாதீர்கள். நீங்கள் கொடுத்த வாடகையில் அவருடைய அனுபவத்துக்கான விலையும் அடங்கியிருக்கிறது. நாள் குறிக்குமுன் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து மேற்கண்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். விடைகள் நிரம்பிய பிறகு முன்பணம் அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், பயணம் இனிதாக அமையும்.