ஒற்றைத் தோளில் ஆறு சுமை!

"ஒரே பிள்ளை! கொடுத்து வைத்தவன்!" என்பார் உண்டு. பங்குக்கு வர அண்ணன் இல்லை. பறித்துத் தின்னத் தம்பி இல்லை. பாகப்பிரிவினை இல்லை, பங்காளிக் காய்ச்சல் இல்லை, வரப்புத் தகராறுக்காக வக்கீல் வீட்டுப் படியேறும் வேலையும் இல்லை! "ஒரே பிள்ளையா? செல்லம் கொடுத்தே கெடுத்து விடுவார்கள்" என்பாரும் உண்டு. இருவர் பேச்சையும் உரசிப் பார்க்க உரைகல் ஒன்று இருக்கிறது, தோழர்களே! சீனத்தைச் சொல்கிறோம்.

1980 செப்டம்பர் 25 அன்று சீனக் கம்யூனிஸ்டுக் கட்சியின் மத்தியக் குழு, தன் உறுப்பினர்க்குத் திறந்த மடல் விடுத்தது. குடும்பத்துக்கு ஒரு பிள்ளை போதும். முதலில் நீங்கள் நடந்து காட்டுங்கள் என்பது அதன் சாரம். வேண்டுகோளாகப் புறப்பட்ட மடல், ஊருக்குள் நுழைந்தபோது அபராதமாயிற்று. பல இடங்களில் கட்டாயக் கருக்கலைப்பும் ஆயிற்று.

அப்படிப் பிறந்த பிள்ளைகளைக் 'குட்டிச் சக்கரவர்த்திகள்' என்று ஏசினர். ஆனால், அமெரிக்காவில் டோனி ஃபால்போவும் டெனிஸ் போலிட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 1986இல் வெளியிட்ட முடிவு வேறு. குணத்தில் ஒற்றைப் பிள்ளை மற்றவர்க்கு இளைத்ததல்ல என்றே கண்டனர். செல்லம் கெடுக்கும் என்ற கதை அத்தோடு தீர்ந்தது!

நன்மை யாருக்கு? நகரத்துப் பெண்ணுக்கு! "அண்ணனுக்குப் படிப்பு, உனக்கு அடுப்பு" என்று சொல்ல அங்கே அண்ணன் இல்லையே! இருந்த ஒரு மகளைப் பெற்றோர் படிக்க வைத்தே தீர வேண்டியதாயிற்று. தாலியன் நகரில் ஆராய்ந்த வனெஸ்ஸா ஃபாங் இதை எழுதியிருக்கிறார். கிராமத்திலோ கதை தலைகீழ். முதற்குழந்தை பெண்ணானால் மட்டும் இன்னொன்று பெறலாம் என்று பல மாகாணங்களில் விதி செய்தனர். பெண்ணை அரைப் பிள்ளையாக எண்ணிய கணக்கு அது! கருவிலேயே பெண்ணைக் கண்டு அழித்ததும் சேர்ந்து, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் 100 பெண்குழந்தைக்கு ஆண்குழந்தை 120 என்ற அளவை நெருங்கிற்று.

கேடு பின்னால் வந்தது. தாய், தந்தை, தாத்தா பாட்டியர் நால்வர். ஆறு முதியோரையும் தாங்க ஒரே தோள்! 2008 மே 12இல் சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிகள் இடிந்து ஆயிரக்கணக்கான மாணவர் மாண்டனர். மற்றொரு பிள்ளை பெறலாம் என்று அந்தப் பெற்றோர்க்கு அரசு அனுமதி அளித்தது. வயது கடந்த தாய் அனுமதிச் சீட்டை வைத்துக் கொண்டு என்செய்வாள்?

2016இல் இரண்டு பெறலாம் என்றனர். 2021இல் மூன்று பெறலாம் என்றனர். தொட்டில் நிறையவில்லை. ஒற்றை மகனும் ஒற்றை மகளும் மணந்து பெற்ற பிள்ளைக்குப் பெரியப்பன் இல்லை, அத்தை இல்லை, மாமன் இல்லை. தமிழைப் போலவே சீனத்திலும் இவர்களுக்குத் தனித்தனிச் சொல் உண்டு. அழைக்கத்தான் ஆள் இல்லை!

நம் தமிழகத்திலும் ஒன்றோடு நிறுத்துவோர் பெருகுகின்றனர். அங்கே சட்டம் நிறுத்தியது. இங்கே பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் நிறுத்துகின்றன. ஒன்றா இரண்டா என்பதல்ல நமது வழக்கு. தறியிலும் ஆலையிலும் உடல் தேய்ந்தவனுக்கு முதுமையில் ஓய்வூதியம் உண்டா, மருத்துவம் உண்டா? இல்லையெனில் அத்தனையும் அந்த ஒற்றைப் பிள்ளையின் கூலியிலிருந்தல்லவா வரவேண்டும்!

சீனத்தில் 2013 ஜூலையில் ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. பிரிந்து வாழும் மக்கள் பெற்றோரை 'அடிக்கடி' சென்று காண வேண்டுமாம்! எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சட்டம் சொல்லவில்லை. அண்ணன் தம்பி இருவர் இருந்தால், "இம்மாதம் நீ போ, அடுத்த மாதம் நான் போகிறேன்" என்று முறை வைத்துக் கொள்வர். தொலைதூர ஆலையில் நிற்கும் ஒற்றை மகன் யாரோடு முறை வைப்பான்?