இவோவா, சுபாருவா? தூத்துக்குடி வழியா இறக்க முடியுமா?

ரீல்ஸில் அடிக்கடி மோதும் ஜோடி இது: மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் (சுருக்கமா 'இவோ'), சுபாரு இம்ப்ரெஸா WRX. 'டபிள்யூஆர்எக்ஸ்' என்பார்கள். இரண்டும் 1992-ல் பிறந்தவை. இரண்டுக்கும் 2 லிட்டர் டர்போ இன்ஜின், நான்கு சக்கரங்களுக்கும் விசை. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

இன்ஜின்தான் முதல் வித்தியாசம்

இன்ஜின் வெளியேற்றும் புகையே ஒரு விசிறியைச் சுழற்றி, உள்ளே கூடுதல் காற்றைத் தள்ளும். இதுதான் டர்போ. இவோவின் 4ஜி63 இன்ஜினில் நான்கு சிலிண்டர்களும் வரிசையாக நிற்கும். பிளாக் வார்ப்பிரும்பு என்பதால், பவரை ஏற்றினாலும் தாங்கும். சுபாருவின் இஜே20 'பாக்ஸர்' வகை. பக்கத்துக்கு 2 சிலிண்டர் படுத்திருக்கும். எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் கார் அதிகம் சாயாது. ஆனால், ஸ்பார்க் பிளக் மாற்றவே மெக்கானிக் வளைந்து நெளிய வேண்டும்.

ஜெயிச்சது யாரு?

உலக ராலி சாம்பியன்ஷிப்பில் 1995, 96, 97 தயாரிப்பாளர் பட்டம் சுபாருவுக்கு. 1998-ல் மிட்சுபிஷி. ஓட்டுநர் பட்டத்தை மிட்சுபிஷியின் டாமி மேக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து 4 முறை வென்றார்.

நம்ம ஊர் தொடர்பு

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் திருவள்ளூரில் தயாரித்த லான்சரும், மேக்கினென் ஓட்டிய இவோவும் ஒரே தலைமுறை. அப்பா ஓட்டிய அந்த செடானில் டர்போவும் இல்லை, நான்கு சக்கர விசையும் இல்லை; அவ்வளவுதான். சுபாருவின் பாக்ஸர் இன்ஜினோ 'செவ்ரோலே ஃபாரஸ்டர்' என்ற பெயரில் இங்கே வந்துபோனது.

கப்பலில் வாங்கி வரலாமா?

வ.உ.சி. துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இந்திய விதிப்படி, வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கார் தயாரித்து 3 ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அதுவும் மும்பை துறைமுகம் வழியாக மட்டுமே வரலாம். இவோ தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டது. ஆக, இந்த வழியில் அதற்குக் கதவு மூடியாச்சு.

'பேப்பர் எல்லாம் ரெடி' என்று யாராவது சொன்னால் உஷார். பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட கார்களை 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அப்படி சிக்கினால் காரும் போகும், பணமும் போகும். ஆசையிருந்தால், இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்த இவோ 10-ஐத் தேடலாம். வாங்குமுன் சுங்க ரசீதையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

சரி, எது பெஸ்ட்?

இன்ஜினை ட்யூன் செய்து பவர் ஏற்ற நினைப்பவர்களுக்கு இவோ. அந்த 'குடுகுடு' சத்தத்துக்கும் வளைவில் கிடைக்கும் நிதானத்துக்கும் சுபாரு. இதற்கிடையே, 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறக்கப்பட்டுவிட்டது. அங்கே தயாராவது மின்சார கார். மிதித்ததும் பாயும் அதற்கு டர்போவே தேவையில்லை.